பழைய புகைப்படத்தைக் காட்டி டிக்கெட் விற்காதீர்கள்

ராக் நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கும், அந்த நிகழ்ச்சியின் வாசலிலேயே கடை போட்டு மின்கிட்டார் விற்றவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைப்பாளர்களே, கிட்டார் விற்பனையாளர்களே,

உங்கள் சுவரொட்டியில் நான்கு பேர் நின்றார்கள். மேடைக்கு வந்தவர்கள் அவர்களில் இரண்டே பேர். பாடகர் வந்தார், பாஸ் வாசிப்பவர் வந்தார். டிரம்ஸிலும் லீட் கிட்டாரிலும் இந்தப் பயணத்துக்காக அமர்த்தப்பட்ட இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். 'மீண்டும் அதே நால்வர்' என்ற விளம்பரத்தை நம்பித்தான் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பெங்களூருக்கு ரயிலேறி வந்தோம். லீட் கிட்டாரிஸ்ட் விலகிவிட்டார் என்பது நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பே உங்களுக்குத் தெரியும். குழுவே அதை இரண்டு வரியில் அறிவித்திருந்தது. நீங்கள் சுவரொட்டியை மாற்றவில்லை. டிக்கெட் வாங்கியிருந்த எங்களுக்கு ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பவில்லை. மீதி இருந்த டிக்கெட்டுகளையும் அதே பழைய புகைப்படத்தைக் காட்டியே விற்று முடித்தீர்கள்.

வாசலில் நடந்தது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அன்று வராத அந்த கிட்டாரிஸ்டின் கையெழுத்து அச்சிட்ட கிட்டார்கள் அங்கே வரிசையாக மாட்டி வைக்கப்பட்டிருந்தன. நிகழ்ச்சி டிக்கெட்டைக் காட்டினால் தள்ளுபடி, மாதத் தவணை வசதி. உள்ளே அவர் இல்லை என்று தெரிந்துகொண்டே வெளியே அவர் பெயரை விற்றிருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

முதலில் முறைப்படி மின்னஞ்சலில்தான் கேட்டேன். 'கலைஞர்கள் பட்டியல் மாறுதலுக்கு உட்பட்டது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் அது இருப்பது உண்மைதான். ஒருவருக்குக் காய்ச்சல் வந்து கடைசி நாளில் வர முடியாமல் போனால் அந்த வரி பொருந்தும். மூன்று வாரமாகத் தெரிந்ததைச் சொல்லாமல் இருந்ததற்கு அதை எப்படிக் காட்டுகிறீர்கள்? குழுவின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. அவர்கள் மறைக்கவில்லை. மறைத்தது நீங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிரிந்த குழுக்கள் மறுபடி சேர்வதை இழிவாகப் பேசுகிற ஆள் நான் இல்லை. 'பணத்துக்காகத்தான் சேர்கிறார்கள்' என்று சொல்பவர்கள் நிறைய. பணம் ஒரு காரணமாக இருந்தால் என்ன தவறு? வாசிப்பது அவர்கள் தொழில். நான் பார்ப்பது வேறு. சேர்ந்தவர்கள் யார், சேர்ந்தபின் என்ன வாசித்தார்கள், எங்களிடம் என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன்.

நான் நேரில் பார்த்த முதல் பெரிய நிகழ்ச்சியே அப்படி ஒரு மறுகூடலின் பலன். 2007 மார்ச் 17, பெங்களூர் அரண்மனை மைதானம், பிரிட்டனின் ஹெவி மெட்டல் குழு அயர்ன் மெய்டன். கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித் 1990-ல் விலகினார், பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993-ல் போனார். 1999-ல் இருவரும் திரும்பி வந்தபோது ஒரு சிக்கல் இருந்தது. ஸ்மித்தின் இடத்துக்கு ஜானிக் கெர்ஸ் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வேறு குழுவாக இருந்தால் அவரை அனுப்பிவிட்டுப் பழைய ஐவரைக் காட்டி விளம்பரம் செய்திருப்பார்கள். மெய்டன் அவரை அனுப்பவில்லை. இரண்டு கிட்டாருக்கு எழுதிய பாடல்களை மூன்று கிட்டாருக்குப் பிரித்துக்கொண்டார்கள். அடுத்த வருடமே புதிய ஆல்பம் வந்தது. பெங்களூரில் அவர்கள் வாசித்ததில் எங்கள் பள்ளிக்கூட நாட்களின் பாடல்கள் இருந்தன, அப்போது புதிதாக வந்த ஆல்பத்தின் பாடல்களும் இருந்தன. இரண்டுக்கும் கூட்டம் ஒரே மாதிரி பாடியது. ஸ்மித், டேவ் மர்ரே, கெர்ஸ் மூவரும் ஒரே மெட்டை வெவ்வேறு சுரத்தில் சேர்ந்து வாசிக்கும்போது அந்த மைதானத்துப் புழுதியில் நின்று கேட்டவன் நான். மறுகூடல் என்றால் எனக்கு இன்றும் அதுதான் அளவுகோல்.

அமெரிக்க ராக் குழு கன்ஸ் என்' ரோஸஸ் வேறு மாதிரி. 2012 டிசம்பரில் அவர்கள் இந்தியா வந்தபோது ஆரம்ப நாட்களின் ஐவரில் பாடகர் ஆக்ஸல் ரோஸ் மட்டுமே இருந்தார். லீட் கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் போய்ப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் மறைக்கவும் இல்லை. தெரிந்தேதான் போனோம். மறுபடி சேர்வீர்களா என்று கேட்டவர்களிடம் 'இந்த ஜென்மத்தில் இல்லை' என்று அதே வருடம் ஆக்ஸல் சொல்லியிருந்தார். 2016-ல் ஸ்லாஷும் பாஸ் வாசிக்கும் டஃப் மெக்கேகனும் திரும்பியபோது அந்தப் பதிலையே சுற்றுப்பயணத்துக்குப் பெயராக வைத்தார்கள். 2025 மே 17 அன்று மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்துக்கு அந்த மூவரும் சேர்ந்து வந்தார்கள். இஸ்ஸி ஸ்ட்ராட்லின் இல்லை, டிரம்மர் ஸ்டீவன் அட்லர் இல்லை. அவர்கள் வருவார்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை. எனக்கு இஸ்ஸி இல்லாதது இன்னும் குறைதான். அந்தப் பாடல்களின் எலும்பு அவருடைய ரிதம் கிட்டார். ஆனால் ஏமாற்றப்பட்டதாக ஒருபோதும் தோன்றவில்லை. குறை வேறு, ஏமாற்று வேறு. நீங்கள் செய்தது இரண்டாவது.

இறந்துபோனவர்களின் இடத்தில் இன்னொருவரை நிறுத்துவது இன்னும் கடினமான விஷயம். அமெரிக்க மெட்டல் குழு பன்டேராவின் கிட்டாரிஸ்ட் டைம்பேக் டேரல் 2004 டிசம்பர் 8 அன்று ஓஹாயோவில் மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அண்ணன், டிரம்மர் வின்னி பால், 2018-ல் காலமானார். 2022-ல் ஸாக் வைல்டும் சார்லி பெனான்டேயும் அந்த இரு இடங்களுக்கு வந்து, பன்டேரா என்ற பெயரிலேயே மேடை ஏறினார்கள். அந்தப் பெயரை வைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. சகோதரர்கள் இருவரும் ஆரம்பித்த குழுவில் சகோதரர் இருவருமே இல்லையென்றால் அதை அஞ்சலி நிகழ்ச்சி என்று சொல்வதுதான் நியாயம். என் நண்பர்கள் பலர் இதை ஏற்கமாட்டார்கள். சரி, அது ரசிகர்களுக்குள் நடக்கும் சண்டை. ஆனால் யார் வாசிக்கப்போகிறார்கள் என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. பிடிக்காதவர்கள் போகாமல் இருக்க வழி இருந்தது.

கனடாவின் ராக் குழு ரஷ் அதை இன்னும் அழகாகச் செய்தார்கள். டிரம்மர் நீல் பியர்ட் 2020 ஜனவரியில் இறந்தபின் அந்தக் குழு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். 2025 அக்டோபரில் கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் மறுபடி மேடை ஏறப்போவதாக அறிவித்தபோது, டிரம்ஸ் வாசிக்கப்போவது ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நில்லஸ் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்கள். பியர்டின் மனைவியும் மகளும் முழு மனதோடு ஆதரவு தெரிவித்தார்கள். நீங்கள் செய்யத் தவறியது இந்த ஒன்றுதான்: பெயரைச் சொல்வது. அந்த இரண்டு இளைஞர்களின் பெயர் உங்கள் சுவரொட்டியில் எங்கேயும் இல்லை. நன்றாகத்தான் வாசித்தார்கள் இருவரும். அந்த லீட் கிட்டார் வாசித்த பையனுக்கு நாங்கள் கைதட்டினோம், அவன் பெயர் தெரியாமலே. அவனுக்கும் நீங்கள் நியாயம் செய்யவில்லை.

ஒருவரை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் ஹெவி மெட்டல் குழு பிளாக் சபாத்தைவிட வலிக்கும் உதாரணம் எனக்குத் தெரியாது. 2011-ல் அசல் நால்வரும் சேர்வதாக அறிவித்தார்கள். சில மாதங்களில் டிரம்மர் பில் வார்ட், தன்னால் கையெழுத்துப் போட முடியாத ஒப்பந்தத்தைத் தந்திருக்கிறார்கள் என்று சொல்லி விலகினார். ஆல்பம் அவர் இல்லாமல் வந்தது. 2017 பிப்ரவரியில் பர்மிங்காமில் நடந்த 'கடைசி' நிகழ்ச்சியும் அவர் இல்லாமலே முடிந்தது. அந்த நான்கு பேரும் திரும்ப ஒரே மேடையில் நிற்க 2025 ஜூலை 5 வரை ஆனது. அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நிற்க முடியாமல் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். வருமானம் பார்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போனது. சபாத்தாக வாசித்தது நான்கே பாடல்கள். இங்கே எங்கள் வீட்டில் விடியற்காலை வரை விழித்திருந்து நேரலையில் பார்த்தோம். பில் வார்டின் டிரம்ஸ் அடியில் வேகம் குறைந்திருந்தது, ஆனால் அந்த ஊஞ்சலாடும் தாளம் அவருடையது மட்டும்தான். வேறு யார் வாசித்தாலும் அது வராது. பதினேழு நாள் கழித்து ஆஸி இறந்துவிட்டார். நடுவில் போன அத்தனை வருடங்களும் ஒரு ஒப்பந்தத் தாளுக்காகப் போனவை. இசைக்குழுவில் யாரும் உதிரி பாகம் அல்ல என்று நாங்கள் சொல்வது வெறும் ஏக்கத்தில் அல்ல, காதால் கேட்டுத் தெரிந்துகொண்டதால்.

விலையைப் பற்றியும் பேச வேண்டும். உங்கள் டிக்கெட் விலை நான் வரிசையில் காத்திருந்தபோது ஒன்றாகவும், என் முறை வந்தபோது வேறாகவும் இருந்தது. இதை நீங்கள் எங்கிருந்து கற்றுக்கொண்டீர்கள் என்று தெரியும். 2024 ஆகஸ்ட் 31 அன்று பிரிட்டிஷ் ராக் குழு ஒயாஸிஸின் மறுகூடல் டிக்கெட்டுகள் விற்பனைக்கு வந்தபோது, நின்று பார்க்கும் இடத்துக்குச் சுமார் 150 பவுண்டு என்று நினைத்து மணிக்கணக்காக இணைய வரிசையில் நின்றவர்களுக்கு, முறை வந்தபோது திரையில் தெரிந்த விலை 355 பவுண்டு. எதிர்ப்பு கிளம்பியதும், விலை முடிவுகளை அமைப்பாளர்களிடமும் மேலாளர்களிடமும் விட்டிருந்தோம், எங்களுக்குத் தெரியாது என்று அந்தக் குழுவின் கேலகர் சகோதரர்கள் அறிக்கை விட்டார்கள். கலைஞர் உங்களைக் கைகாட்டுகிறார். நீங்கள் இணையதளத்தைக் கைகாட்டுகிறீர்கள். பிரிட்டனின் போட்டி, சந்தைகள் ஆணையம் விசாரித்தது. 2025 செப்டம்பரில் அந்த விற்பனைத் தளம், இனி ஒரே இடத்துக்குப் பல படிகளில் விலை வைப்பதாக இருந்தால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்வோம் என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது. அங்கே ஆணையம் தலையிட்டது. இங்கே நாங்கள் யாரிடம் போவது?

வேறு வழியே இல்லை என்றும் சொல்லாதீர்கள். 2023-ல் தி க்யூர் குழுவின் அமெரிக்கப் பயணத்தின்போது அதன் பாடகர் ராபர்ட் ஸ்மித், தேவைக்கு ஏற்ப ஏறும் விலை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 20 டாலருக்கும் டிக்கெட் கிடைத்தது. அதன்மேல் ஏற்றிய கட்டணங்களைக் கேள்வி கேட்டு, விற்பனைத் தளத்தை ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் வைத்தார். அதற்கும் முன்னால், 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் லெட் செப்பலின் குழு ஒரே ஓர் இரவு சேர்ந்தபோது குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து 125 பவுண்டு என்ற ஒரே விலைக்குக் கொடுத்தார்கள். காலமான டிரம்மர் ஜான் பானமின் இடத்தில் அவர் மகன் ஜேசன் உட்கார்ந்தார், அதை முன்கூட்டியே சொன்னார்கள். அந்த இரவுக்குப்பின் பாடகர் ராபர்ட் பிளான்ட் பெரிய சுற்றுப்பயணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்போது கிட்டார் விற்றவர்களிடம் வருகிறேன்.

அன்று வாசலில் உங்களிடம் கிட்டார் வாங்கியவர்களில் என் அக்கா மகன் ஒருவன். கல்லூரி முதல் வருடம். பகுதி நேர வேலையில் சேர்த்த காசு முன்பணம், மீதி தவணை. "மாமா, அவரோட சிக்னேச்சர் மாடல்!" என்று கண் விரிய வந்து நின்ற பையனிடம் அங்கேயே என்ன சொல்ல முடியும்? வீட்டுக்கு வந்து ஆம்ப்பில் செருகியபோதுதான் எல்லாம் தெரிந்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உயரத்தில் நின்றது. தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் வெட்டு ஆழமில்லை, அதனால் முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடிக்கவே விரல் வலித்தது. நெக்கின் ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறின. ஏசி அறையில் மாதக்கணக்காகத் தொங்கிய மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, அதுதான் காரணம். கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜோ, நெம்பினால் சுருதி ஏறி இறங்கும், பூட்டுப் போடும் வகை ட்ரெமலோ. ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி இழக்கும். மேடையில் டைவ் பாம் அடிப்பவருக்கு, அதாவது சுருதியைச் சட்டென்று கீழே இறக்கிக் காட்டுபவருக்கு, அது வேண்டும். இன்னும் கார்டு மாற்றவே பழகாத பையனுக்கு அது வேண்டாம் என்று சொல்ல அந்தக் கடையில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கேட்டதற்கு, "சிக்னேச்சர் மாடல் சார், ஃபேக்டரி செட்டிங் அப்படித்தான் வரும்" என்றார்கள். நான் அதை ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோய், ஃப்ரெட் முனைகளை அராவி, நட்டை வெட்டி, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைத் திருப்பி, ட்ரெமலோ அசையாமல் பின்னால் மரக்கட்டை வைத்துத் தரச் சொன்னேன். இப்போது அது வாசிக்கத் தகுந்த கிட்டார். அந்த வேலையை விற்பதற்கு முன் செய்திருக்க வேண்டியது நீங்கள்.

கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் பெயருக்காகக் கிட்டார் வாங்கச் சொல்லி நீங்கள் பிள்ளைகளைத் தூண்டுகிறீர்கள். ஆனால் அந்தப் பெயர்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் அப்படி வாங்கவில்லை. கிப்ஸன் நிறுவனத்தின் லெஸ் பால் மாடல் என்றாலே நினைவுக்கு வருகிற ஸ்லாஷ், 1987-ல் வந்த முதல் ஆல்பத்தில் வாசித்தது கிப்ஸன் தொழிற்சாலையில் செய்த லெஸ் பால் அல்ல. கிரிஸ் டெரிக் என்ற கலிஃபோர்னியக் கைவினைஞர் செய்த நகல் அது. கிப்ஸனோடு அவருக்கு உறவு ஏற்பட்டதெல்லாம் பிறகுதான். வான் ஹேலன் குழுவின் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் 50 டாலருக்கு ஓர் உடலும் 80 டாலருக்கு ஒரு நெக்கும் வாங்கி, தானே முடுக்கிச் சேர்த்தார். குயீன் குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே பள்ளிப் பையனாக இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து, பழைய கணப்பு மாடத்தின் மரத்தையும் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகளையும் வைத்துச் செய்த கிட்டாரைத்தான் வாழ்நாள் முழுக்க வாசிக்கிறார்.

பிளாக் சபாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரலுறை செய்துகொண்டார். கனத்த கம்பியை அழுத்த முடியாது என்பதால் மெல்லிய கம்பிகளைத் தேடிப் போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் அந்தக் கனமான ஒலி, ஒரு மனிதன் தன் கைக்கு ஏற்றபடி கிட்டாரை மாற்றிக்கொண்டதால் பிறந்தது. கிட்டார் தேர்வு என்றால் இவ்வளவுதான் என்று நான் புதிதாக வருபவர்களிடம் சொல்வேன். முதலில் உங்கள் கை, பிறகு மற்றதெல்லாம்.

ஐயோமி இடது கைக்காரர். உங்கள் கடையில் இடது கை கிட்டார் ஒன்றாவது இருக்கிறதா? இடது கைப் பிள்ளைகளிடம் "வலது கையில் பழகிக்கோ தம்பி" என்று சொல்லி அனுப்புவதை நானே நின்று கேட்டிருக்கிறேன்.

பழசாக்கிய கிட்டார்களைப் பற்றி. புதிய கிட்டாரின் வண்ணத்தைச் சுரண்டி, உலோகத்தைத் துருப்பிடிக்க வைத்து, அதற்குக் கூடுதல் விலை. அயர்லாந்தின் கிட்டாரிஸ்ட் ரோரி கேலகரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் வண்ணம் போனதற்குக் காரணம், அவர் அதை இரவு இரவாக வியர்க்க வியர்க்க வாசித்தது. அந்த மாடலைச் செய்யும் ஃபெண்டர் நிறுவனம் அந்தத் தேய்மானத்தை அப்படியே நகலெடுத்து விற்றது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டுக்கும் 2008-ல் அப்படி ஒரு நகல் வந்தது. அசலை அவரே 2019-ல் ஏலத்தில் கொடுத்துவிட்டார். 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது, மொத்த ஏலத் தொகையையும் பருவநிலைக்காக வழக்காடும் அமைப்புக்குக் கொடுத்தார். அவருக்கே விட்டுவிட முடிந்த ஒரு பொருளின் கீறல்களை எங்கள் பிள்ளைகள் தவணையில் வாங்க வேண்டுமா? ஆசைப்பட்டு, காசிருந்து வாங்குகிறவர்களை நான் தடுக்கவில்லை. முதல் கிட்டார் வாங்க வருகிறவனிடம் அதை முன்னால் எடுத்து வைக்காதீர்கள் என்கிறேன்.

உண்மையில் அவனுக்குச் சொல்ல வேண்டியவை எவ்வளவோ இருக்கின்றன. லெஸ் பால் வகையின் கம்பி நீளம் 24¾ அங்குலம், ஸ்ட்ராட் வகையில் 25½. சின்ன வித்தியாசம்தான், ஆனால் சிறிய விரலுக்கு முதல் வகை எட்டும், கம்பியும் இளகி இருக்கும். அதே சமயம் லெஸ் பால் நான்கு கிலோவுக்கு மேல் தோளை இழுக்கும், இரண்டு மணி நேரம் நின்று வாசித்தால் தெரியும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில், ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் வகையின் தெளிவு தனி அழகு. ஆனால் எர்த் ஒழுங்காக இல்லாத வாடகை வீட்டில் அது உறுமிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் ஃபேன் ரெகுலேட்டர் இருந்தால் இன்னும் மோசம். அந்த உறுமலை அடக்கத்தான் இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து ஹம்பக்கர் செய்தார்கள். அப்புறம், சென்னை உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் துணியால் துடைக்க வேண்டும். இந்தோனேசியாவில் செய்த, பெரிய பெயரில்லாத மாடல் ஒன்று, நன்றாகச் செட்டப் செய்யப்பட்டிருந்தால், இரண்டு மடங்கு விலையுள்ள சிக்னேச்சரைவிட நன்றாக வாசிக்கும். இதில் ஒன்றையாவது அன்று அவனிடம் சொன்னீர்களா? கிட்டாரைச் சுவரில் எட்டாத உயரத்தில் மாட்டி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், "வாங்கினா மட்டும் எடுத்துத் தரோம்" என்று சொன்னீர்கள்.

விலை அட்டையில் மரத்தின் பெயரைக்கூடச் சரியாக எழுதுவதில்லை. உலகத்தின் எத்தனையோ மின்கிட்டார்களின் விரல்பலகை நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். 2017-ல் அந்த மர இனத்தின் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது கிட்டார் நிறுவனங்கள் வேறு மரம் தேடி ஓடின. 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்ததும் பல திரும்பி வந்தன. கூடலூர் பக்கம் நிற்கிற ஒரு மரம் கடல் தாண்டிப் போய்த் திரும்பி நம் கடையில் தொங்குகிறது. அதையாவது அந்தப் பையனுக்குத் தெரியச் சொல்லலாம்.

சரி, நான் கேட்பவற்றுக்கு வருகிறேன்.

அமைப்பாளர்களே, மறுகூடல் என்ற சொல்லை விளம்பரத்தில் போட்டால் மேடையில் யார் யார் வாசிக்கப்போகிறார்கள் என்று அதே சுவரொட்டியில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். அமர்த்தப்பட்ட கலைஞர்களின் பெயரும் சேர்த்துத்தான். வராத ஒருவரின் முகம் படத்தில் இருக்கக் கூடாது. பட்டியல் மாறினால், தெரிந்த அன்றே டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்புங்கள், வேண்டாம் என்பவர்களுக்கு முன்பதிவுக் கட்டணம் உட்பட முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் என்ன விலை, எல்லாக் கட்டணங்களும் சேர்த்து எவ்வளவு என்பதை விற்பனைக்கு முந்தைய நாளே வெளியிடுங்கள். வரிசையில் நிற்கும்போது விலை ஏறக் கூடாது.

கிட்டார் விற்பவர்களே, செட்டப் செய்யாத கிட்டாரை விற்காதீர்கள். அதற்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள், இந்த ஊரில் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வாங்க வருகிறவர் உட்கார்ந்து, ஆம்ப்பில் செருகி, அவசரமில்லாமல் வாசித்துப் பார்க்க ஒரு மூலை ஒதுக்குங்கள். எடை, கம்பி நீளம், எந்த நாட்டில் செய்தது, விரல்பலகை என்ன மரம் என்பதை விலை அட்டையில் எழுதுங்கள். இடது கைக்காரர்களுக்குத் தொட்டுப் பார்க்க ஒரு கிட்டாராவது வையுங்கள். தவணையில் விற்ற கிட்டாரில் குறை இருந்தால் தவணை முடியும் வரை சரிசெய்து தரும் பொறுப்பு உங்களுடையது.

அன்றைய இரவைப் பொறுத்தவரை இரு தரப்பும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. லீட் கிட்டாரிஸ்ட் விலகிய செய்தி வந்த நாளுக்குப் பிறகு பழைய படத்தைக் காட்டி விற்ற டிக்கெட்டுகளுக்கு முழுத் தொகையையும், அதற்கு முன்பே வாங்கியவர்களுக்குப் பாதித் தொகையையும் திருப்பிக் கொடுங்கள். கேட்டு எழுதியவர்களுக்கு மட்டும் அல்ல, வாங்கிய அனைவருக்கும். வாசலில் கிட்டார் வாங்கியவர்களை அழைத்து, இலவசமாகச் செட்டப் செய்து கொடுங்கள், வேண்டாம் என்பவர்களிடம் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கான பதிலை எனக்குத் தனியாக மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். அந்தச் சுவரொட்டியை வெளியிட்ட அதே இடங்களில், அடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்கத் தொடங்கும் முன்பு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அன்று அரங்கில் இருந்த சென்னை ராக் ரசிகன்